கொழும்பிலிருந்து வான் வண்டியில் குடும்பப் பயணம்: சொந்தங்களைப் பார்த்து, வடக்கும் கிழக்கும் சுற்றி வர முழுமையான வழிகாட்டி

கொழும்பில் இருந்து ஊர்ப் பயணம் திட்டமிடும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒழுங்குதான். முதலில் வான் பேசுவார்கள். பிறகு பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவார்கள். கடைசியில், "போற வழியில மாமி வீட்டையும் ஒருக்கால் எட்டிப் பாத்திட்டுப் போவம்" என்று சேர்ப்பார்கள். அந்த எட்டிப் பார்ப்பு மூன்று மணித்தியாலம் எடுக்கும். மாமி சோறு போடாமல் விடமாட்டார். மாலையில் பார்க்க இருந்த இடம் கைவிட்டுப் போகும், இரவு ஓட்டம் தொடங்கும், மறுநாள் சாரதியின் கண் சிவந்திருக்கும்.

ஆகவே இங்கே ஒழுங்கை மாற்றிப் போடுகிறேன். சொந்தக்காரர் வீடுகளை முதலில் நாட்காட்டியில் குறியுங்கள். இடங்களை அந்த வீடுகளைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் பாதை கொழும்பு, வவுனியா, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, மறுபடி கொழும்பு. நிதானமாகப் போக ஒன்பது நாள் வேண்டும். ஒரு கிழமைதான் லீவு என்றால் வடக்கையோ கிழக்கையோ விட்டுவிடுங்கள். மலையகச் சொந்தங்களையும் இதோடு இழுக்க வேண்டாம். ஹட்டன், நுவரெலியாப் பாதைகளில் கிலோமீட்டரை நம்பி நேரம் கணக்கிட முடியாது, அது தனிப் பயணம்.

படி 1: வீடுகளை எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லட்டும். நீங்கள் மறந்துபோன பெரியப்பாவின் மருமகளை அப்பம்மா மறந்திருக்க மாட்டார். ஒரே ஒழுங்கையில் இரண்டு சொந்தக்காரர் இருந்து ஒரு வீட்டுக்கு மட்டும் போய் வந்தால், மற்ற வீட்டின் மனத்தாங்கல் அடுத்த கல்யாணம் வரை நீளும்.

பெயர்களை மூன்றாகப் பிரியுங்கள். தங்கும் வீடு, சாப்பிடும் வீடு, தேத்தண்ணி வீடு. ஒரு நாளுக்குச் சாப்பிடும் வீடு ஒன்று, தேத்தண்ணி வீடு இரண்டு. அதற்கு மேல் வைத்தால் வயிறும் நேரமும் தாங்காது. தொலைபேசியில் பேசும்போதே எந்த வகை என்று சொல்லிவிட வேண்டும்: "மாமி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாறம், தேத்தண்ணி மட்டும்தான்." அவர் "அப்ப சும்மா தேத்தண்ணி குடிக்கவே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்பார். விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல்நாளே சொன்னால் வடையோடு முடியும். சொல்லாமல் போய் இறங்கினால் கோழி அடிப்பார்கள்.

துக்கம் கேட்க வேண்டிய வீடுகளைத் தனியாகக் குறியுங்கள். கடந்த வருடத்தில் யாராவது தவறியிருந்து நீங்கள் போகாமல் இருந்தால், அந்த வீட்டை விட்டு மற்ற வீடுகளுக்குப் போவது சரியில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்த கையோடு கோயிலுக்குப் போக மாட்டோம் என்பதால் அன்று காலை கோயில், பின்னேரம் துக்க வீடு, அப்புறம் தங்கும் வீட்டில் குளிப்பு என்று வையுங்கள். செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்க வருவதை விரும்பாதவர்களும் உண்டு, ஊரில் ஒருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறப்போ இறப்போ நடந்து துடக்கு உள்ள வீட்டில் தங்குவதாக இருந்தால், கோயில் திட்டம் முழுவதும் மாறும்.

தங்கும் வீட்டைத் தேர்வதற்குப் பாசத்தை விட ஒரு கேள்வி முக்கியம்: குளியலறை எத்தனை? ஒரு குளியலறை உள்ள வீட்டில் பத்துப் பேர் இறங்கினால் காலை ஆறு மணிக்குக் கிளம்ப நினைத்தவர்கள் ஒன்பதுக்குத்தான் கிளம்புவார்கள். கிணற்றடி இருந்தால் ஆண்களும் பையன்களும் அங்கே முடித்துக்கொள்வார்கள், பாதிப் பிரச்சினை தீரும். இல்லையென்றால் முதியவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் வீட்டில், மற்றவர்கள் பக்கத்து லொட்ஜில். "வீடு இருக்க லொட்ஜில நிக்கிறியளோ" என்ற கோபம் வரும். இரவுச் சாப்பாட்டை அவர்கள் வீட்டில் வைத்துக்கொண்டால் அது ஆறிவிடும்.

படி 2: எப்போது போவது

கிழக்கிலும் வடக்கிலும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அந்த மாதங்களில் குளங்கள் நிரம்பி வழியும், தாழ்ந்த பாலங்கள் மூழ்கும். திருகோணமலைக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதி. ஆகவே இந்தச் சுற்றுக்கு ஜூன், ஜூலை, ஓகஸ்ட் பொருந்தும். கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாணச் சந்தையில் குவியும். ஆனால் அதே மாதங்களில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். தீவுகளுக்குப் போகும் படகு ஆடும், முதியவர்களை முதலே எச்சரித்து வையுங்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள். ஆவணி அமாவாசையன்று தீர்த்தம், அதற்கு முதல்நாள் தேர். அந்த நாட்களில் போனால் கனடா, லண்டன் சொந்தங்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள், ஒரே பயணத்தில் பாதிக் குடும்பத்தைக் கண்டுவிடலாம். ஆனால் லொட்ஜ் கிடைப்பது கடினம், கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்குப் பூட்டியிருக்கும், பல வீடுகளில் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்க மாட்டார்கள். நண்டுக்கறி கனவோடு போகிறவர்கள் வேறு மாதம் பார்க்கவும். திருவிழா இல்லாத காலத்திலும் வெள்ளிக்கிழமை மரக்கறிதான் என்று நினைத்துக்கொண்டே விருந்துகளைப் பிரியுங்கள்.

படி 3: வானும் சாரதியும்

படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய கேம்பர் வாகனங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காக இலங்கையிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இரண்டு பேர் கடற்கரை கடற்கரையாகச் சுற்ற அது சரி. எங்கள் பயணத்தில் ஒவ்வொரு ஊரிலும் பாய் விரிக்க ஒரு வீடு இருக்கிறது. வண்டிக்குள் கட்டிலை ஏற்றிக்கொண்டு போவது இடத்தை வீணாக்கும் வேலை. கூரை உயர்ந்த டொயோட்டா ஹயஸ் வான் அல்லது நிசான் கரவன் போதும். பதினாலு பேர் இருக்கலாம் என்று சொல்லுவார்கள். நீண்ட பயணத்துக்கு ஒன்பது, பத்துப் பேரே அளவு, கடைசி வரிசையைப் பொதிகளுக்கு விட்டுவிடுங்கள்.

பதினைந்து பேருக்கு மேல் என்றால் ரோசா என்ற சிறிய பஸ் பிடிப்பதா, இரண்டு வான் பிடிப்பதா என்ற விவாதம் கட்டாயம் வரும். எல்லோரும் ஒன்றாக இருந்து பாட்டும் பகிடியுமாகப் போக ரோசாதான் நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குள் ரோசா திரும்பாது. வீதி முகப்பில் இறங்கி, அப்பம்மாவைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். முழங்கால் நோகிறவர்கள் இருந்தால் இரண்டு வான். அப்படிப் போகும்போது முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு ஓடக் கூடாது, அடுத்த சந்திப்பு இடத்தைச் சொல்லிவிட்டு அவரவர் வேகத்தில் போங்கள்.

வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை: நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் உள்ளடக்கம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு என்ன, டீசல் யாருடையது, ஏ.சி. முழு நேரமுமா, சாரதியின் படியும் சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு, அதிவேகப் பாதைக் கட்டணம் யார் கொடுப்பது. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள். வருமான உத்தரவுப்பத்திரமும், வாடகை ஓட்டத்துக்குச் செல்லுபடியாகும் காப்புறுதியும் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் காப்புறுதி செய்த வானில் விபத்து நடந்தால் இழப்பீடு சிக்கலாகும். காட்டிய வான் ஒன்று, விடிகாலை வாசலில் வந்து நிற்கும் வான் வேறொன்று என்பதும் நடக்கிற கதை. இலக்கத்தகட்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் பேச ஒரு பிடி இருக்கும். முதல்நாள் மாலை மாற்றுச் சில்லையும் ஏ.சி.யையும் நீங்களே பாருங்கள்.

சாரதியைப் பற்றி இன்னும் சில. எந்த வீட்டில் தங்குகிறீர்களோ அங்கே அவருக்கும் படுக்க இடம் இருக்கிறதா என்று முதலே கேட்க வேண்டும். வானுக்குள் படுக்க விட்டுவிட்டு மறுநாள் 250 கிலோமீட்டர் ஓடச் சொல்வது உங்கள் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. விருந்து வீட்டில் அவரையும் அதே மேசையில் அல்லது அதே நேரத்தில் சாப்பிட வையுங்கள். மரக்கறி வீடு, மச்ச வீடு எது என்பதை அவருக்கும் சொல்லுங்கள்.

இரவு பதினொரு மணிக்குக் கொழும்பில் கிளம்பி விடிய யாழ்ப்பாணத்தில் இறங்குவது நம்மவர்களின் பழைய பழக்கம். லீவு மிச்சம், தங்கற்காசு மிச்சம் என்று கணக்குச் சொல்வார்கள். பகல் முழுக்க வேறு ஓட்டம் ஓடிவிட்டு வரும் சாரதி, விடிகாலை மூன்று மணிக்கு, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியின் நேரான நீட்டில் கண்ணயர்வதைத் தடுக்க எந்தக் கோப்பியாலும் முடியாது. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புங்கள்.

படி 4: என்ன எடுத்துப் போவது

யாழ்ப்பாணத்துக்கு முறுக்கும் பருத்தித்துறை வடையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு! அங்கே இல்லாததைக் கொண்டு போங்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் காலத்தில் இருந்தால் அதைவிட நல்ல அன்பளிப்பு இல்லை. தெற்கின் ஈர மண்ணில் விளைவது, வடக்கில் விலை கூடும். காலம் தப்பினால் நல்ல கேக், பேரீச்சம்பழம், பால்மாப் பெட்டி. துக்க வீட்டுக்கு இனிப்பு வேண்டாம், பழமோ சீனியோ தேயிலையோ போதும். வயதானவர்களுக்குக் காசு கொடுக்க விரும்பினால், விடைபெறும்போது தனியாகக் கையில் வையுங்கள். மகன், மருமகள் முன்னால் நீட்டினால் அவர்களுக்கு வெட்கம்.

பொதிகளைத் தங்கும் ஊர் வாரியாகக் கட்டினால் ஒவ்வொரு இரவும் எல்லாப் பெட்டியையும் இறக்க வேண்டியதில்லை. வெள்ளை அல்லது வெளிர்நிற உடை ஒன்று, ஆண்களுக்கு வேட்டி, பெண்பிள்ளைகளுக்குப் பாவாடையோ சல்வாரோ எல்லாம் கோயிலுக்கு. நல்லூரில் ஆண்கள் மேலாடை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அனுராதபுரத்துக்கு மொத்தமான காலுறை எடுங்கள், வெயிலில் கல்தரை காலைச் சுடும். வாந்தி எடுக்கும் பிள்ளைக்குப் பொலித்தீன் பைகள், தேசிக்காய், சித்தாலேப தைலம். முதியவர்களின் மருந்து முன் இருக்கைப் பையில். தண்ணீர்க் கான் ஒன்று. யாழ்ப்பாணத்தில் சில இடங்களில் கிணற்றுநீர் உவர், கொழும்புப் பிள்ளைகள் குடிக்க மாட்டார்கள். அடையாள அட்டைகள் எல்லோருடையதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்த மச்சான்மார் கூட வந்தால் பொலன்னறுவை, புறாத்தீவு போன்ற இடங்களில் அவர்களுக்குச் சீட்டு விலை பல மடங்கு என்பதைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

படி 5: பாதை, நாள் நாளாக

முதல் நாள், கொழும்பு முதல் வவுனியா. ஆட்களை ஏற்றும் ஒழுங்கு தெற்கிலிருந்து வடக்கு: தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை. காலி வீதியில் வான் நிற்க விடமாட்டார்கள், குறுக்கு வீதிக்குள் பொதியோடு கீழே இறங்கி நிற்கச் சொல்லுங்கள். அடுக்குமாடி லிஃப்டில் எட்டுப் பெட்டி இறங்கவே பத்து நிமிடம் போகும். வத்தளைக்காரர் கொட்டாஞ்சேனைக்கு வந்து ஏறுவது நல்லது. ஏனென்றால் களனிப் பாலத்தடியில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் வத்தளை ஊருக்குள் போக மாட்டோம். 2013இல் திறந்த அந்தப் பாதை சுமார் 26 கிலோமீட்டர், விடிகாலையில் இருபது நிமிடத்தில் கட்டுநாயக்க வந்துவிடும். விமான நிலையத்தில் வெளிநாட்டுச் சொந்தத்தை ஏற்றிக்கொண்டு அப்படியே போகலாமே என்று தோன்றும். ஒருநாளாவது கொழும்பில் தூங்க விட்டுக் கூட்டிப்போங்கள்.

சிலாபத்தில் முன்னேஸ்வரம். இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களான பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று, காலைப் பூசைக்கு வந்து சேரலாம். கொண்டுவந்த இடியப்பத்தை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு வடக்கே கடலோரம் உடப்பு. தமிழ் மீனவ ஊர், திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் பேர்போனவை. கருவாடு அங்கே வாங்க ஆசைப்படாதீர்கள், மிச்ச எட்டு நாளும் வான் மணக்கும். புத்தளம் கொழும்பிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து வில்பத்துக் காட்டோரமாக அனுராதபுரம் இன்னும் 75. ஜய ஸ்ரீ மகாபோதி என்ற புனித அரசமரமும் ருவன்வெலிசாய தூபியும் பார்க்க இரண்டு மணித்தியாலம் போதும். மதவாச்சி தாண்டி வவுனியா. இரவு அங்கே. வவுனியாவில் சொந்தம் இல்லாத யாழ்ப்பாணத்தவர் குறைவு, இருந்தால் இது அவர்களின் நாள்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அனுராதபுரத்தைச் சுருக்கி, மதவாச்சியில் மன்னார்ப் பாதையில் திரும்பி மடு மாதாவிடம் போகலாம். ஓகஸ்ட் 15 பெருநாளை ஒட்டிய நாட்களில் கூட்டம் மிக அதிகம். அங்கிருந்து திருக்கேதீஸ்வரம், மன்னாரின் பெருக்குமரம் (பாவோபாப்), அப்புறம் பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். 2011இல் திறந்த பாலம் அது. ஏ9 வீதியை விட இந்தப் பாதையில் போக்குவரத்துக் குறைவு, கடைகளும் குறைவு.

இரண்டாம் நாள், வவுனியா முதல் யாழ்ப்பாணம், சுமார் 145 கிலோமீட்டர். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகும் வாகனம் அரிது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டிவிட்டு ஏறுங்கள். கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. போரால் பல வருடம் பூட்டிக் கிடந்து, 2002இல் திறந்து, 2006இல் மறுபடி பூட்டி, 2009இல் மீண்டும் திறந்த வீதி இது. பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் சொல்லட்டும், ஆனையிறவில் பத்து நிமிடம் இறங்கி உப்பளத்தைப் பார்த்தபடி சொன்னால் நல்லது. வேகக் கருவியோடு பொலிஸார் நிற்கும் வீதியும் இதுதான், ஊர்ப்பகுதிகளில் 50ஐத் தாண்ட விடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குத் தங்கும் வீட்டுக்குப் போய்விடலாம். மாலை நல்லூர், பிறகு கோயிலருகே ஐஸ்கிரீம். அன்று வேறொன்றும் வைக்க வேண்டாம்.

மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்கள் யாழ்ப்பாணம். இங்கேதான் நேரம் அதிகம் வீணாகும். காலையில் கீரிமலை, மதியம் தீவகம், மாலையில் பருத்தித்துறை என்று ஒரே நாளில் மூலைக்கு மூலை ஓடுவார்கள். திசை பிரித்து, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போங்கள். அந்தப் பக்கத்துச் சொந்தங்களையும் அதே நாளில் முடியுங்கள்.

தீவகம் ஒரு நாள். யாழ்ப்பாணக் கோட்டையடியில் தொடங்கிப் பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். வான் துறையில் நிற்கும், படகில் கால் மணித்தியாலம் அளவில் நயினாதீவு. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். நாகபூஷணி அம்மன் கோயில், நாக விகாரை இரண்டும் நடந்து பார்க்கலாம். மதியத்துக்கு அங்கே அன்னதானம் உண்டு, வேறு வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்காதீர்கள். நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். படகில் ஒரு மணித்தியாலம், திரும்பும் படகு தவறினால் இரவும் அங்கேதான். முதியவர்கள் கூட இருந்தால் விடுங்கள்.

வடமராட்சி ஒரு நாள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை முனை, பின்னேரம் மணற்காட்டு மணல்மேடுகள். சந்நிதி முருகனிடம் வெள்ளியில் கூட்டம். பருத்தித்துறையில் வடை வாங்கிவிட்டால் கொழும்பு திரும்பும்வரை நொறுக்குத்தீனி கவலை இல்லை.

வலிகாமம் ஒரு நாள். கந்தரோடையின் சிறு தூபிகள், மாவிட்டபுரம், கீரிமலை. கடலோரத்தில் நன்னீர் ஊறும் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. மாற்றுடுப்பும் துவாயும் வானில் கைக்கெட்ட வையுங்கள். பக்கத்தில் நகுலேஸ்வரம். திரும்பும்போது புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு. அன்று மாலை நகருக்குள் வந்து பொதுநூலகம் பாருங்கள். 1981இல் எரிக்கப்பட்ட கட்டடம், மீண்டும் எழுப்பியது. அப்படியே திருநெல்வேலிச் சந்தையில் ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), பனங்கட்டி, நல்லெண்ணெய். மிளகாய்த்தூளைச் சந்தையில் வாங்காமல், தங்கும் வீட்டுப் பெண்களிடம் முதல்நாளே சொல்லி வறுத்து இடித்து எடுங்கள்.

ஒடியல் கூழ் காய்ச்சுவது என்றால் இந்த மூன்று இரவுகளில் ஒன்று. அந்த இரவில் வேறு வீட்டுச் சொந்தங்களையும் அங்கேயே வரச் சொல்லுங்கள். தனித்தனியே போக வேண்டிய நாலு தேத்தண்ணி வீடுகள் ஒரே முற்றத்தில் வந்துவிடும். கூழ் குடித்து முடிய மூத்தவர்களிடம் பழைய பெயர்களைக் கேட்டு, யார் யாருக்கு யார் என்று ஒரு பிள்ளை எழுதட்டும்.

ஆறாம் நாள், திருகோணமலை. காலை ஏழுக்குக் கிளம்பி வவுனியா வரை வந்த வழியே வந்து, ஹொரவப்பொத்தானை வழியாகத் திரும்புங்கள். மொத்தம் 250 கிலோமீட்டருக்குக் கிட்ட. முல்லைத்தீவில் சொந்தம் இருந்தால் பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு வழியாக அங்கே மதியம் சாப்பிட்டுப் போகலாம், அப்படியானால் அன்று வேறு இடம் இல்லை. திருகோணமலைக்குள் நுழையும் முன் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், ஏழும் ஏழு வெப்பம். ஆறு மணிக்குப் பிறகு இந்தக் காட்டுப் பாதையில் யானை நிற்கும், இருட்டுமுன் நகருக்குள் வந்துவிடுங்கள்.

ஏழாம் நாள் விடிய கோணேஸ்வரம். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கட்டிய கோட்டைக்குள்ளால்தான் இன்றும் மேலே போகிறோம். கோட்டைக்குள் மான்கள் கிட்ட வரும், பொலித்தீனோடு தீனி நீட்ட விடாதீர்கள். பிறகு நிலாவெளி, இளையவர்கள் புறாத்தீவு, முதியவர்கள் மரநிழல். மாலையில் சொந்தக்காரர் வீடு.

எட்டாம் நாள் கடலோரமாக மட்டக்களப்பு, சுமார் 130 கிலோமீட்டர். கிண்ணியாவில் முன்பு பாதைப்படகுக்குக் காத்துக் கிடந்த இடத்தில் 2009இல் பாலம் திறந்தது. மூதூர், வெருகல் முருகன், வாகரை, வாழைச்சேனை. பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சுற்றிலேயே நல்ல கடல் இது. நகரில் மாமாங்கேஸ்வரர், ஒல்லாந்தர் கோட்டை, இரவு கல்லடிப் பாலம். வாவியில் பாடும் மீனின் ஓசை கேட்கிறதா என்று பார்க்கலாம். கேட்காவிட்டாலும் காற்று நன்றாக இருக்கும். மட்டக்களப்பு விருந்தில் எருமைத் தயிருக்கு இடம் வைத்துச் சாப்பிடுங்கள். இங்கே சொந்தம் அதிகம் என்றால் திருகோணமலையில் ஒரு இரவைக் குறைத்து இங்கே கூட்டுங்கள்.

ஒன்பதாம் நாள் திரும்பல், 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வெலிகந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை. அங்கே புத்தர் சிலைகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டாம் சிவாலயத்தைத் தவறவிடுகிறார்கள். சோழர் 11ஆம் நூற்றாண்டில் கட்டியது, வானவன் மாதேவி ஈஸ்வரம், சுவரில் தமிழ்க் கல்வெட்டு. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகலில் இருந்து மீரிகம வரை 2022இல் திறந்த அதிவேகப் பாதை உண்டு. அதற்குப் பிறகு கொழும்பு நெரிசல்தான், மாலை ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் வந்து மாட்டாமல் பாருங்கள்.

படி 6: காசும் கணக்கும்

பொதுப் பை ஒன்று, பொறுப்பு ஒருவர். குடும்பத்துக்கு இவ்வளவு என்று முதலே போட்டு, வான், சாப்பாடு, சீட்டு எல்லாம் அதிலிருந்து. அன்பளிப்பும் கோயில் உபயமும் அவரவர் சொந்தக் காசு. சின்னக் குடும்பமும் பெரிய குடும்பமும் ஒரே தொகை போடுவதில் மனக்கசப்பு வரும், ஆள் கணக்கில் பிரியுங்கள், பிள்ளைகளுக்குப் பாதி. ஒவ்வொரு இரவும் செலவை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் கொழும்பில் வந்து வாய்த்தர்க்கம் இல்லை.

புறப்படும்போதும் திரும்பியதும் மீற்றர் இலக்கத்தைப் படம் எடுங்கள். சாரதியின் கைக்காசை வாடகையோடு சேர்க்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். கடைசியில் இறங்குகிறவர் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும், மாம்பழப் பெட்டியும் மருந்துப் பையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெள்ளவத்தையில் பயணத்துக்கு வராமல் நின்ற சொந்தங்களுக்கு உரிய பொதிகளை அன்றிரவே பெயர் எழுதிப் பிரித்துவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் மாம்பழம் கனிந்துவிடும், மிளகாய்த்தூள் உங்கள் சமையலறையிலேயே தங்கிவிடும்.